செவிக்குள் ஓடும் அலையைக் கண்டவர்

கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும், கேட்பது குயிலின் குரலா, தவிலின் முழக்கமா என்று நாம் உடனே சொல்லிவிடுகிறோம். பட்டாணி அளவே உள்ள ஓர் உறுப்பு இவற்றை எங்ஙனம் பிரித்தறிகிறது? இதனை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஜார்ஜ் வான் பெக்கேசியின் வரலாற்றைக் காண்போம்.

இவர் 1899 ஜூன் 3-ஆம் நாள் ஹங்கேரியின் தலைநகராகிய புடாபெஸ்டில் பிறந்தார். தந்தையார் அரசுத் தூதுப் பணியில் இருந்தமையால், இளமையிலேயே பல நாடுகளில் வாழ்ந்தார். பெர்ன் நகரில் வேதியியல் பயின்று, 1923-இல் புடாபெஸ்டில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரால் நலிந்திருந்த நாட்டில், நல்ல கருவிகள் இருந்த இடம் தபால் தந்தித் துறையின் ஆராய்ச்சிக்கூடமே. பெக்கேசி அங்கே சேர்ந்தார்.

தொலைபேசியின் எப்பகுதியைத் திருத்தினால் குரல் தெளிவாகக் கேட்கும் என்பதே அவர்முன் இருந்த வினா. கருவியின் தரத்தை அறியக் காதின் திறனை அறிய வேண்டுமல்லவா? இவ்வாறு தொலைபேசிப் பொறியாளர் செவி ஆராய்ச்சியாளர் ஆனார்.

ஒலி செவிப்பறையை அதிரச் செய்கிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தை ஓடுபோல் சுருண்ட குழலில் நீர்மம் நிறைந்துள்ளது. அதனுள் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதன் இழைகள் யாழின் நரம்புகள்போலத் தனித்தனியே அதிரும் என 19-ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கருதினார். ஆயினும் அதனைக் கண்ணால் கண்டவர் எவருமிலர்.

பெக்கேசியோ காண விழைந்தார். இறந்தோரின் செவி எலும்பை நீருக்குள் வைத்து நுட்பமாகத் திறந்தார். உள்ளே வெள்ளித் துகள்களைத் தூவினார். விட்டுவிட்டு மின்னும் ஒளியில், நுண்ணோக்கி வழியே நோக்கினார். கொடியில் தொங்கும் சேலையின் ஒரு நுனியை உதறினால் அலை ஓடுவதுபோல, சவ்வின் மேல் அலை ஓடியது! உயர்ந்த சுருதிக்கு, சவ்வு குறுகி விறைப்பாயுள்ள தொடக்கத்திலும், தாழ்ந்த சுருதிக்கு, அகன்று தளர்ந்துள்ள கோடியிலும் அலை உச்சம் அடைந்தது. உச்சம் அடையும் இடமே சுருதியை மூளைக்கு உணர்த்துகிறது.

1946-இல் தாயகம் விட்டு ஸ்வீடன் சென்ற பெக்கேசி, மறு ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டில் பணியேற்றார். 1961-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு இவரை வந்தடைந்தது. மணம் புரியாது வாழ்ந்த இவர், இறுதிக் காலத்தை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் கழித்தார். 1972 ஜூன் 13-இல் ஹொனலூலுவில் மறைந்தார். தாம் சேர்த்த கலைப்பொருள்களை நோபல் நிறுவனத்திற்கே விட்டுச் சென்றார்.

அவர் கண்டவை இறந்த செவிகள். உயிருள்ள செவியில் அலையின் உச்சம் இன்னும் கூர்மையானது எனப் பின்வந்தோர் கண்டனர். அங்குள்ள உணர்மயிர்ச் செல்களில் ஒரு வகை, மெல்லிய அதிர்வைப் பெருக்கித் தருகிறது. செவி தானே நுண்ணொலி எழுப்புவதை 1978-இல் இங்கிலாந்தின் டேவிட் கெம்ப் அறிவித்தார். பச்சிளங்குழந்தையின் செவித்திறனைச் சோதிக்க இன்று அந்நுண்ணொலி உதவுகிறது. பெக்கேசி இட்ட அடித்தளத்தின்மேல் எழுந்த மாளிகையன்றோ இது!

தோழியரே, ஒரு செவியில் உள்ள உணர்மயிர்ச் செல்கள் ஏறத்தாழ 15,000 மட்டுமே. பேரொலியால் அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. இறைவன் அளித்த இந்த அரிய கொடையைக் காப்போம். ஊகத்தோடு நின்றுவிடாமல் உண்மையைத் தேடிக் காணும் உள்ளத்தையும் வளர்ப்போம்.