ஆடுபனும் கழுகின் மோப்பமும்

பறவைகள் இரையைக் கண்ணால் காண்கின்றனவா, மூக்கால் அறிகின்றனவா என்னும் வினா எளியதுபோல் தோன்றும். ஆயினும் அவ்வினா ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அறிஞர்களைத் தடுமாறச் செய்தது. அத்தடுமாற்றத்தின் தொடக்கத்தில் நிற்பவர் பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபன். அவர்தம் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

ஆடுபன் 1785 ஏப்ரல் 26இல், இன்றைய ஹெய்ட்டி நாட்டின் லே கே நகரில் பிறந்தார். தந்தையார் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர். பிரான்சில் நாந்த் நகரருகே வளர்ந்த ஆடுபன், நெப்போலியனின் கட்டாயப் படைச் சேர்ப்பினின்று தப்பும் பொருட்டு 1803இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பெற்றார். 1808இல் லூசி பேக்வெல் என்னும் நங்கையை மணந்தார். வணிகம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1819இல் கடனுக்காகச் சிறை புகுந்து, நொடித்துப்போனார். லூசி ஆசிரியப் பணியாற்றிக் குடும்பத்தைத் தாங்கினார். கணவரோ காடெங்கும் அலைந்து பறவைகளை வரைந்தார். 1826இல் ஓவியங்களுடன் பிரிட்டன் சென்றார். 1827 முதல் 1838 வரை, பறவைகளை அவற்றின் இயல்பான அளவிலேயே காட்டும் 435 ஓவியத் தகடுகள் கொண்ட ‘அமெரிக்கப் பறவைகள்’ வெளிவந்தது. புகழும் உடன் வந்தது.

பிரிட்டன் சென்ற அதே 1826இல் எடின்பரோ நகர அறிஞர் அவையில் அவர் ஒரு கட்டுரையை முன்வைத்தார். வான்கோழிக் கழுகு மோப்பத்தால் பிணத்தைக் கண்டறிகிறது என்பது அக்கால நம்பிக்கை. ஆடுபன் மான் தோலில் உலர்புல்லை அடைத்து வெட்டவெளியில் கிடத்தினார். நாற்றமே இல்லாத அப்பொய்ம்மானைக் கழுகு நாடி வந்தது. அழுகிய பன்றியைப் பள்ளத்தில் இட்டுத் தழையால் மூடினார். நாய்கள் கண்டுபிடித்தன, கழுகுகள் மேலே பறந்தும் இறங்கவில்லை. ஆகவே கழுகுக்கு மோப்பம் பயன்படுவதில்லை என முடிவு கட்டினார்.

ஆங்கிலேயர் சார்லஸ் வாட்டர்டன் கடுமையாக மறுத்தார். ஆடுபனின் நண்பர் ஜான் பாக்மன் சார்ல்ஸ்டன் நகரில் சோதனைகளைத் தொடர்ந்தார். வெட்டிய ஆட்டின் ஓவியத்தையே கழுகுகள் கொத்தின. ஆடுபன் தரப்பே வென்றதாகக் கருதப்பட்டது. அம்முடிவு கழுகைக் கடந்து பறவையினம் முழுவதற்கும் பொருத்தப்பட்டது.

பிழை எங்கே நேர்ந்தது? வான்கோழிக் கழுகு புதிய பிணத்தை விரும்புவது. மிக அழுகியதை ஒதுக்குவது. மேலும், அவர் கண்டவை மோப்பத்திறன் குறைந்த கருங்கழுகுகளாகவும் இருந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். எரிவாயுவில் கசிவை உணர்த்தச் சேர்க்கும் நாற்றப்பொருள் அழுகும் உடலிலும் தோன்றுவது. குழாய் கசிந்த இடங்களில் வான்கோழிக் கழுகுகள் வட்டமிட்டதைத் தொழிலாளர் கண்டனர். 1964இல் கென்னத் ஸ்டேகர் அதன் மோப்பத்தைச் சோதனையால் நிறுவினார். தோட்டத்துச் சிறு பறவைகள் பற்றிய கருத்தும் மாறியது. புழு அரித்த மரத்தைப் பட்டாணிக்குருவிகள், புழுவையும் அரித்த இலைகளையும் அகற்றிய பின்னரும், மணத்தால் இனங்கண்டன என 2013இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆடுபன் 1851 ஜனவரி 27இல் நியூயார்க்கில் மறைந்தார். அவர் மனிதரை அடிமைகளாக வைத்திருந்தார், விற்கவும் செய்தார் என்பதையும் மறைத்தல் தகாது. ஓவியத்தின் உயர்வு அக்கறையைக் கழுவாது.

அவர் சோதனை செய்து பார்த்தது பெருமைக்குரியதே. ஒரு வகைப் பிணத்தைக் கொண்டு கண்டதை எல்லாப் பறவைக்கும் உரியதாகப் பின்வந்தோர் கொண்டதே குறை. பெரியோர் சொல்லைப் போற்றுவோம். அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் அளந்து பார்ப்போம். கற்கும் மாணவர்க்கு இவ்விரண்டும் கடமையாகும்.