ஓமந்தூர் தந்த குடியானவப் பிரதமர்

பட்டணவாசி காலத்தை வருஷக் கணக்கில் அளக்கிறான்; குடியானவன் தலைமுறைக் கணக்கில் அளக்கிறான். பாட்டன் வெட்டிய கிணற்றில் தகப்பன் இறைக்கிறான். தகப்பன் கல் பொறுக்கித் திருத்திய கொல்லையில் மகன் விதைக்கிறான். அரியலூர் ஜில்லா ரெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள வட்டாரத்தில், வானத்தை நம்பிப் பருத்தியும் சோளமும் கடலையும் விதைத்து வந்த குடும்பங்களின் சரித்திரம் இதுவேயாகும். ஆயினும், எத்தனை தலைமுறை உழுதாலும், சட்டத்தின் துணையில்லாவிட்டால் உழுத நிலம் தன்னுடையதென்று சொல்லிக்கொள்ளக் குடியானவனுக்கு வழியில்லை. ஜமீன் பிரதேசத்துக் குடியானவர்களுக்கு அந்தத் துணையைத் தேடித் தந்த மந்திரிசபைக்குத் தலைமை வகித்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். தேசத்தொண்டில் இறங்கியிருக்கும் வாலிபர்கள் அவருடைய சரிதத்தை அவசியம் அறிந்திருக்கவேண்டும் என்பது நமது கருத்து.

ரெட்டியார் 1895-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் தேதியன்று திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தார். விஜயநகர, நாயக்க அரசுகளின் காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து, தென்னாற்காட்டிலும் திருச்சிராப்பள்ளிச் சீமையிலும் காடு திருத்திக் குடியேறிய உழவர் கூட்டத்தைச் சேர்ந்தது அவரது குலம். ரெட்டி என்னும் சொல்லைப் பெயரில் தாங்கிய கிராமங்கள் இவ்விரு சீமைகளிலும் பல உண்டு. இக்குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாகத் தமிழ் மண்ணில் உழைத்து, தமிழகத்தின் சுகதுக்கங்களையே தங்கள் சுகதுக்கங்களாகக் கொண்டவை. ஏரியின் நீர்மட்டத்தைக் கொண்டு அவ்வருஷத்து வாழ்வைக் கணிக்கும் சூழ்நிலையில் வளர்ந்தவர் ரெட்டியார். சிக்கனம், பொறுமை, பிறர் பொருளை விரும்பாமை ஆகிய உழவர் குணங்களை அவர் கடைசிவரையில் கைவிடவில்லை.

காந்தியடிகளின் அழைப்பு கிராமங்களை எட்டியபோது அதற்குச் செவிசாய்த்தவர்களில் ரெட்டியாரும் ஒருவர். கதரை மேற்கொண்டு காங்கிரஸ் பணியில் ஈடுபட்ட அவர், சிறைவாசத்தையும் ஏற்றார். மேடைப் பேச்சினால் பெயரெடுத்தவரல்லர் அவர். பேச்சைக் குறைத்துக் காரியத்தைக் கவனிப்பவர் என்று பெயரெடுத்தார். ஆன்ம விஷயங்களில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்த அவருக்கு, ரமண மகரிஷியிடத்தும் வடலூர் இராமலிங்க அடிகளிடத்தும் இருந்த பக்தி அளவற்றது.

1946-ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் மீண்டும் பதவியேற்றபோது பிரகாசம் பிரதமரானார். கட்சிக்குள் எழுந்த பூசலால் அவர் மந்திரிசபை ஓராண்டு நிறைவதற்குள் கவிழ்ந்தது. கோஷ்டிப் போட்டிக்கு அப்பாற்பட்ட ஒருவரைத் தேடிய காங்கிரஸ்காரர்களின் பார்வை ரெட்டியாரிடம் சென்றது. காமராஜரும் அவரை ஆதரித்தார். 1947-ஆம் வருஷம் மார்ச்சு 23-ஆம் தேதி ரெட்டியார் பதவியேற்றார். ஐந்து மாதங்களுக்குள் தேசம் விடுதலை பெறவே, சுதந்திர இந்தியாவில் சென்னை மாகாணத்தின் முதற் பிரதமர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது.

அன்று ஜமீன் பிரதேசக் குடியானவனின் நிலை யாது? ஆங்கிலக் கம்பெனியார் 1802-ஆம் வருஷத்தில் சாசுவத நிலவரி ஏற்பாட்டைச் சென்னையில் புகுத்தினர். ஜமீன்தார் சர்க்காருக்குச் செலுத்தவேண்டிய பேஷ்குஷ் தொகை அதனால் நிரந்தரமாக நிர்ணயமாயிற்று. குடியானவன் ஜமீன்தாருக்குச் செலுத்தவேண்டிய தீர்வைக்கோ அத்தகைய வரம்பு ஏற்படவில்லை. இன்றைய அரியலூர் ஜில்லாவில் உடையார்பாளையம் ஜமீன் பேர்போனது. ஒருபுறம் ரயத்துவாரிக் கிராமம், மறுபுறம் ஜமீன் கிராமம். மண்ணும் ஒன்றே, மழையும் ஒன்றே. தீர்வை மட்டும் வெவ்வேறு. 1908-ஆம் வருஷத்து எஸ்டேட் நிலச்சட்டம் குடியானவனுக்குச் சாகுபடி உரிமையை ஒருவாறு உறுதி செய்தது. ஆனால் தீர்வை பாக்கிக்காக ஜப்தியும் ஏலமும் நேர்ந்து பிதுரார்ஜித நிலம் கைநழுவும் அபாயம் நீங்கவில்லை. 1937-இல் அமைந்த ராஜாஜி மந்திரிசபையின் காலத்தில் பிரகாசத்தின் தலைமையில் ஒரு கமிட்டி இதனை விரிவாக ஆராய்ந்து அறிக்கை தந்தது. யுத்தம் குறுக்கிட்டது, மந்திரிசபை விலகிற்று, அறிக்கை காகிதத்தில் நின்றது.

காகிதத்தில் நின்றதைக் காரியத்துக்குக் கொண்டுவந்தவர் ரெட்டியார். 1947-ஆம் வருஷத்துத் தீர்வைக் குறைப்புச் சட்டம், ஜமீன் நிலங்களின் தீர்வையை அண்டையிலுள்ள ரயத்துவாரி நிலங்களின் தீர்வைக்குச் சமமாக இறக்கிற்று. அடுத்து 1948-ஆம் வருஷத்து 26-ஆவது சட்டமாக ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. எஸ்டேட்டுகளைச் சர்க்கார் மேற்கொண்டு ரயத்துவாரி முறைக்கு மாற்றவும், குடியானவனுக்கு நேரே பட்டா வழங்கவும், ஜமீன்தாருக்கு நஷ்டஈடு தரவும் அது வகை செய்தது. சிறிய எஸ்டேட்டுக்கு உயர்ந்த விகிதம், பெரிய எஸ்டேட்டுக்குக் குறைந்த விகிதம் என்று நஷ்டஈடு வகுக்கப்பட்டது. பழிவாங்கும் எண்ணமோ அச்சமோ இன்றிச் செய்த காரியம் இது. சட்டம் 1949-ஆம் வருஷம் ஏப்ரலில் அமலுக்கு வந்தது.

ரெட்டியாரின் ஆட்சி நிலத்தோடு நின்றுவிடவில்லை. ஹரிஜனங்களுக்குக் கோயிற் கதவுகளைத் திறந்த ஆலயப் பிரவேசச் சட்டமும், பெண்களைத் தேவதாசிகளாக்கும் வழக்கத்தைத் தடுத்த சட்டமும் 1947-இல் வந்தவை. உத்தியோக நியமனங்களில் பதினான்குக்கு 2 இடம் பிற்பட்ட ஹிந்துக்களுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்டதும் அவ்வருஷத்தில்தான். 1948-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதியன்று மதுவிலக்கு மாகாணம் முழுவதிலும் பரவிற்று. தனியார் கையிலிருந்த பாரதியார் பாடல்களின் உரிமையைச் சர்க்கார் பெற்றதும் அவர் பதவியிலிருந்த 1949-ஆம் வருஷத்தில்தான்.

இவ்வளவு செய்தவர் ஏன் நீடிக்கவில்லை என்று கேட்கலாம். சிபார்சுக்கு இணங்காமை, கட்சிக்காரர்களின் சொந்தக் காரியங்களுக்கு இடங்கொடாமை ஆகியவை அவருக்கு எதிரிகளைத் தேடித் தந்தன. ஆதரித்தவர்களே பிணக்குற்றனர். 1949-ஆம் வருஷம் ஏப்ரல் 6-ஆம் தேதி அவர் பதவியை விட்டு நீங்க, குமாரசாமி ராஜா பிரதமரானார். ஜமீன் ஒழிப்புச் சட்டம் அமலான அதே மாதத்தில் அதைக் கொணர்ந்தவர் பதவியில் இல்லை. விதைத்தவன் அறுவடைக்கு நில்லாமல் களத்தை விட்டு நடந்ததுபோல் இருந்தது அது. பின்னர் அவர் பதவி நாடாமல் வடலூரைச் சார்ந்து, வள்ளலார் நெறியில் அநாதைக் குழந்தைகளின் பராமரிப்பிலும் கல்விப்பணியிலும் காலங்கழித்தார். 1970-ஆம் வருஷம் ஆகஸ்டு 25-ஆம் தேதி காலமானார்.

அவரது சட்டத்தில் குறையே இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஜமீன்தார்களின் சொந்தப் பண்ணை நிலங்கள் அவர்களிடமே தங்கின. பட்டாதாரின் வயலில் கூலிக்கு உழைத்தவனுக்கு அந்தச் சட்டத்தால் ஒரு குழி நிலமும் கிட்டவில்லை. தஞ்சைப் பண்ணையாளுக்குப் பாதுகாப்புத் தேட 1952-ஆம் வருஷமும், நில உச்சவரம்பு விதிக்க 1961-ஆம் வருஷமும், இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்க 1963-ஆம் வருஷமும் வரவேண்டியிருந்தது. எனினும் முதற்சால் கோணாமல் ஓடினால்தான் அடுத்தடுத்த சால்கள் நேராக அமையும் என்பது உழவர் அறிந்த உண்மை. முதற்சாலை நேராக ஓட்டியவர் ரெட்டியார்.

இன்று ரெட்டிபாளையத்தில் சிமெண்டுத் தொழிற்சாலை நிற்கிறது. அரியலூர்ச் சீமையில் பூமிக்கடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லுக்கு விலை ஏற்பட்டுவிட்டது. தொழில் பெருகவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. வாலிபர்களுக்கு வேலையும் வேண்டும். ஆனால் ஏலத்தினால் போகாதபடி சட்டம் காத்த நிலம், இன்று கிரயப் பத்திரத்தினால் போகிறது. சுரங்கமாக வெட்டப்பட்ட கொல்லையில் பேரன் விதைக்கமுடியாது. பெற்ற தொகையோ ஒரு தலைமுறைக்குள் கரைந்துவிடக்கூடும். அன்று பட்டா கேட்டுப் போராடிய குடியானவன், இன்று தண்ணீரும் கட்டுபடியாகும் விலையும் நியாயமான நஷ்டஈடும் கேட்டு நிற்கிறான். அக்குரலைச் சட்டசபைக்குக் கொண்டுசெல்லவேண்டியது தொண்டர்களின் கடமை.

சென்னையில் சர்க்கார் தோட்டமொன்று ஓமந்தூராரின் பெயரைத் தாங்கி நிற்கிறது; அங்கே இப்பொழுது பெரியதோர் ஆஸ்பத்திரி நடைபெறுகிறது. பெயர் சூட்டுவது எளிது. அதிகாரத்தைப் பிறர் நிலம்போல் பாவித்து, பயிரிட்டு, வரப்பழியாமல் திருப்பிக் கொடுப்பது அரிது. அதைச் செய்துகாட்டிய குடியானவரின் வழியைப் பின்பற்றுவதே அவருக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதையாகும்.