கறிவேப்பிலைக்குள் ஒளிந்திருக்கும் டாக்டர்!

மண்ணே இல்லாமல் வளரும் ‘ஏர் பிளான்ட்’ ரீல்ஸ் உங்க ஃபீடிலும் வந்திருக்கும். அது அன்னாசிக் குடும்பத்துச் செடி. வேர் கிளையைப் பிடிச்சுக்க மட்டும்தான். தண்ணீர் குடிப்பதெல்லாம் இலையில் இருக்கும் நுண்செதில்கள் வழியாக. அதன் பெயர் டில்லாண்ட்சியா. கப்பலில் படாதபாடு பட்டு, ஊர் திரும்பும்போது கடலே வேண்டாம் என்று தரைவழியாகச் சுற்றிப்போன எலியாஸ் டில்லாண்ட்ஸ் என்பவரின் பெயர் அது. ஈரம் பிடிக்காத செடி என்று நினைத்து அந்தப் பெயரை வைத்தவர், ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ்.

அதே லின்னேயஸ் உங்க வீட்டுத் தாளிப்பு வாசனையிலும் ஒருத்தர் பெயரை ஒளித்து வைத்திருக்கிறார் தெரியுமா? கறிவேப்பிலையின் அறிவியல் பெயர் முராயா கோனிகி. அந்த ‘கோனிகி’ யார்?

அவர் பெயர் ஜோஹன் ஜெரார்டு கோனிக். 1728-ல் பால்டிக் கடலோரத்தில் இருக்கும் லிவோனியாவில் பிறந்தவர். லின்னேயஸிடம் பாடம் படித்தவர். 1760-களில் செடி தேடி ஐஸ்லாந்து போனார். அங்கே அவர் கண்டெடுத்த, விரல் உயரம்கூட இல்லாத ஒரு செடியின் பேரினத்துக்கே ‘கோனிஜியா’ என்று 1767-ல் பெயர் வைத்தார் குரு.

மறு வருஷமே, பனியைப் பார்த்த அந்த மனுஷன் நம்ம தரங்கம்பாடி வெயிலில் வந்து இறங்கினார். டேனிஷ் மிஷனுக்கு டாக்டர் வேலை. ஆனா மனசு முழுக்கச் செடிதான். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கரையானைப் பற்றிக்கூட உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினார். 1771-ல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்குப் பெயர் சூட்டியபோது, இந்த மாணவரைத்தான் நினைத்துக்கொண்டார்.

மிஷன் சம்பளம், ஊர் ஊராகச் செடி தேடிப் போகப் போதவில்லை. அதனால் 1774-ல் ஆற்காடு நவாப்பிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். நம்ம சேத்துப்பட்டு, ஆரணிப் பக்கமெல்லாம் அன்றைக்கு அந்த நவாப்பின் ஆட்சிப் பகுதிதான். 1778-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு மாறினார். சயாம், மலாக்கா வரை போய் வந்தார்.

கடைசியில் அவரைச் சாய்த்தது வயிற்றுக்கடுப்பு. 1785 ஜூனில், காக்கிநாடா பக்கம் ஜெகந்நாதபுரத்தில் இறந்தார். வயசு 56. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் வில்லியம் ராக்ஸ்பர்க். பிற்காலத்தில் இந்தியத் தாவரவியலின் தந்தை என்று பெயர் வாங்கினாரே, அவரேதான். கோனிக் தன் பெயரில் பெரிய புத்தகம் எதையும் போடவில்லை. இஞ்சி, மஞ்சள் குடும்பத்தைப் பற்றி அவர் எழுதியதை ஸ்வீடனைச் சேர்ந்த ரெட்சியஸ் என்பவர் வெளியிட்டார். மீதிக் காகிதங்கள் லண்டனில் ஜோசப் பேங்ஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தன. வாழ்க்கை முழுக்க நடந்து நடந்து சேர்த்ததை, மத்தவங்கதான் உலகத்துக்குக் காட்டினாங்க.

இங்கே ஒரு நியாயமான கேள்வி உங்களுக்கு வரும். கறிவேப்பிலையை இவரா கண்டுபிடிச்சார்? இல்லவே இல்லை. தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையிலேயே ‘கஞ்சகம்’ என்ற பெயரில் அது சமையலுக்கு வந்துவிட்டது. கோனிக் வருவதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால்! லத்தீன் பெயரில் இடம் கிடைத்தது ஒரு வெளிநாட்டு டாக்டருக்கு. தலைமுறை தலைமுறையாக அதை வளர்த்து, கிள்ளி, தாளித்தவர்களுக்கு அந்தப் பெயரில் இடமில்லை. கோனிக்கின் உழைப்பு நிஜம், இந்த இடைவெளியும் நிஜம். ரெண்டையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சேத்துப்பட்டுச் சந்தையில் கொசுறாக ஒரு கொத்து கிடைத்தால், சட்டென்று பையில் போடாதீர்கள். நாம் ‘இலை’ என்று கிள்ளுவது சிற்றிலைதான். முழு ஈர்க்கும் சேர்ந்ததுதான் தாவரவியல் கணக்கில் ஒரே ஓர் இலை. ஒரு சிற்றிலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குட்டிக் குட்டிப் புள்ளிகள் தெரியும். எல்லாம் எண்ணெய்ச் சுரப்பிகள். எலுமிச்சை, ஆரஞ்சு, வில்வம் இலைகளிலும் இதே புள்ளிகள் உண்டு. ஏனென்றால், நாலும் ஒரே குடும்பம்.

அடுத்த தடவை சாம்பாரில் கிடக்கும் கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கும்போது, ஒரு செகண்ட் யோசிங்க பாஸ்!