நேரத்தைக் காத்த நூலகர்

சீர்காழி ராமாமிருத ரங்கநாதன் என்ற பெயரை நான் முதன்முதலில் ஒரு புத்தகத்தின் முதுகில்தான் படித்தேன். 2001-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அது. கம்போங் மேடானிலும் அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் அப்போது நடந்ததை மூத்த மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆறு உயிர்கள் போயின. எங்கள் வீடு அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் ஆண்டு மாணவனாக இருந்த என்னை, அந்த வாரம் வீட்டுப் பக்கம் வரவே வேண்டாம் என்று அம்மா தொலைபேசியில் சொல்லிவிட்டார். விடுதி அறையில் உட்கார மனம் வரவில்லை. நூலகம் மூடும் நேரம் வரை அடுக்குகளுக்கு நடுவே சும்மா நடந்துகொண்டிருந்தேன். வேதியியல் மாணவனுக்குத் தொடர்பே இல்லாத நூலகவியல் பகுதியில், ஆங்கிலப் பெயர்களுக்கிடையே நம்மவர் பெயர் ஒன்று தென்பட்டது. கையில் எடுத்தேன். நூலகத்திற்கென ஐந்து விதிகளை வகுத்து ஒரு கணித ஆசிரியர் எழுதிய நூல் அது.

அன்று அதை முழுமையாகப் படித்தேன் என்று சொன்னால் பொய். சில பக்கங்களைப் புரட்டிவிட்டு வைத்துவிட்டேன். அவர் எனக்கு உண்மையில் தேவைப்பட்டது அடுத்த ஆண்டுதான்.

இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு ஆற்று வண்டலில் படியும் ஈயத்தைப் பற்றி ஆராயலாம் என்று முடிவு செய்திருந்தேன். கிள்ளான் ஆறு எங்கள் குடியிருப்பிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அதன் நிறத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைவிட நல்ல தலைப்பு வேறென்ன இருக்க முடியும்? ஆனால், இதற்குமுன் யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரியாமல் சோதனைக்கூடத்தில் கால் வைக்கக் கூடாது என்பது விரிவுரையாளரின் கட்டளை. ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ என்னும் சுருக்கத் தொகுப்பை அப்போது அச்சிலும் பார்க்க முடிந்தது. 1907-இல் தொடங்கிய அந்தத் தொகுப்பின் தடித்த தொகுதிகளில் மூன்று நாள் குனிந்து கிடந்தேன். பொருளகராதியில் ஒரு சொல், அதற்கு ஓர் எண், அந்த எண்ணுக்கு இன்னொரு தொகுதி, அங்கே நான்கு வரிச் சுருக்கம். மூன்று நாளில் கிடைத்தவை ஏழு கட்டுரைகள். நான்காம் நாள் விரிவுரையாளர் தம் அறைக் கணினியில் ஒரு மின்னியல் தரவுத்தளத்தைத் திறந்து, மூன்று சொற்களைத் தட்டினார். நான் தேநீரை ஆற்றிக் குடிப்பதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வரிசையில் வந்து நின்றன. என் ஏழும் அவற்றுள் அடக்கம்.

வியப்பைவிட எனக்கு ஆத்திரம்தான் அதிகம் வந்தது. போன மூன்று நாளை யார் திருப்பித் தருவார்கள்? அப்போதுதான் அந்தப் பழைய புத்தகம் நினைவுக்கு வந்தது. அதில் நான்காம் விதி, படிக்க வருபவரின் நேரம் வீணாகாமல் பார்த்துக்கொள்வது நூலகத்தின் கடமை என்பதாகும். அதை எழுதியவர் யார் என்று தேடத் தொடங்கினேன்.

ரங்கநாதன் 1892 ஆகஸ்டில், அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். பேச்சில் திக்கல் உண்டு. அதோடு போராடிக்கொண்டே படித்தார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் எட்வர்டு ராஸ் என்ற பேராசிரியரிடம் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும், பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். நல்லாசிரியர் என்று பெயரெடுத்தவர். ஆனால், அந்நாளில் ஆசிரியர் சம்பளம் குறைவு. சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரைத் தேடியபோது நண்பர்களின் வற்புறுத்தலால் விண்ணப்பம் போட்டார். நூலகவியல் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், நேர்காணலுக்குச் சில நாட்களுக்கு முன் கலைக்களஞ்சியம் ஒன்றில் படித்த ஒரே ஒரு கட்டுரைதான் என்பார்கள். ஆனாலும் வேலை கிடைத்தது. 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

பொறுப்பேற்ற சில நாட்களிலேயே, என்னை வகுப்பறைக்கே திருப்பி அனுப்புங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றாராம். மாணவர் சத்தம் இல்லாத அந்தத் தனிமையை அவரால் தாங்க முடியவில்லை. நூலகப் பணியைக் கற்க எப்படியும் இலண்டன் போக வேண்டியிருக்கிறது, போய் வா, திரும்பி வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணித வேலை உனக்கே என்று முதல்வர் சமாதானம் செய்தார். இந்த இடத்தை நான் படிக்கும்போதெல்லாம், படிவம் ஆறு முடித்து விருப்பமில்லாத துறையில் இடம் கிடைத்து வந்து, முதல் பருவத்தில் அழுத நம் மாணவர்கள் பலர் நினைவுக்கு வருவார்கள்.

இலண்டனில் அவர் சேயர்ஸ் என்பவரிடம் நூற்பகுப்பு முறைகளைக் கற்றார். ஏராளமான நூலகங்களுக்கு நேரில் சென்று பார்த்தார். எல்லா இடத்திலும் அவருக்கு ஒரு குறை தெரிந்தது. டூயி என்ற அமெரிக்கர் வகுத்த முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண் ஒதுக்கப்பட்டிருக்கும். புதிதாக ஒரு பொருள் பிறந்தால், அல்லது இரண்டு பொருள் கலந்தால், அதை எங்கே வைப்பது? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நடந்தவர், ஒருநாள் செல்ஃபிரிட்ஜஸ் பல்பொருள் கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில பட்டைகள், சில சக்கரங்கள், திருகாணிகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு முறை பாலம், மறுமுறை பாரந்தூக்கி. பொருள்களையும் இப்படித் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு, நூல் வரும்போது பூட்டிக்கொண்டால் என்ன? துண்டுகளைப் பூட்டும் திருகாணியாக அவர் எடுத்துக்கொண்டது முக்காற்புள்ளி. அதனால்தான் 1933-இல் வெளியான அவருடைய முறைக்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயர் வந்தது.

1925-இல் சென்னை திரும்பியவர் கணித வேலையைக் கேட்கவே இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள், விடுமுறை என்றே ஒன்றை எடுக்காமல் அந்த நூலகத்திலேயே உழைத்தார் என்கிறார்கள். படிப்பவர்கள் தாமே அடுக்குகளுக்குள் சென்று நூலை எடுக்க வழிசெய்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார். அதே ஆண்டில்தான் அவருடைய முதல் மனைவி காலமானார். 1931-இல் ஐந்து விதிகள் நூலாயின. நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்று தொடங்கி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்று முடியும் விதிகள் அவை. பொது நூலகங்களை நடத்த வரி வசூலிக்கும் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டு அலைந்தார். 1948-இல் சென்னை மாகாணத்தில் அது நிறைவேறியது.

இனி, நான் மிகவும் யோசித்த ஒரு செய்திக்கு வருகிறேன். ரங்கநாதன் 1967-இல் கணித மேதை ராமானுஜனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இருவரும் ஒரே மாவட்டத்துக்காரர்கள். வயதில் ஐந்தாண்டுகூட வித்தியாசமில்லை. ராமானுஜன் கும்பகோணத்தில் இளைஞராக இருந்தபோது அவருக்குக் கிடைத்த பெரிய நூல், ‘கார்’ என்பவர் தொகுத்த பழைய தேற்றத் தொகுப்பு ஒன்றுதான். ஐரோப்பாவில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள் அவர் கைக்கு எட்டவில்லை. அதன் விளைவு என்ன? தனியே சிலேட்டுப் பலகையில் எழுதி எழுதி அவர் கண்டறிந்தவற்றில் பலவற்றை, ஐரோப்பியர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்து அச்சிட்டிருந்தார்கள். முப்பத்திரண்டு வயதில் 1920-இல் மறைந்த ஒரு மனிதரின் இளமைக் காலத்தில் எத்தனை மாதங்கள் இப்படிப் போயிருக்கும்! என் மூன்று நாளை நினைத்து ஆத்திரப்பட்டதற்கு எனக்கே வெட்கமாகிவிட்டது. ராமானுஜனின் வாழ்க்கையை எழுதிய கை, வாசகரின் நேரத்தைக் காக்கச் சொன்ன கை என்பது தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை. இது என் ஊகம்தான். அவர் அப்படி எழுதியதாக நான் சொல்லவில்லை.

அறிவியலாளர்களுக்குத் தேவை முழு நூல் அல்ல, ஓர் இதழின் நடுவே கிடக்கும் ஆறு பக்கக் கட்டுரை என்பதை ரங்கநாதன் நன்கு உணர்ந்திருந்தார். அதை விடுபடாமல், விரைவாக, குறி தவறாமல் எடுத்துக் கொடுப்பதைத் தனித் துறையாகவே வளர்த்தார். 1952-இல் யுனெஸ்கோ உதவியுடன் டெல்லியில் தொடங்கிய இன்ஸ்டாக் என்னும் இந்திய அறிவியல் ஆவண மையத்தின் பின்னணியில் அவருடைய முயற்சி உண்டு. எங்கோ ஒரு கல்லூரியில் இருக்கும் ஆய்வாளர் எழுதிக் கேட்டால், வெளிநாட்டு இதழில் வந்த கட்டுரையின் படியை வரவழைத்து அஞ்சலில் அனுப்புவார்கள். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனாலும் அதற்குமுன் அதுவும் இல்லை. 1962-இல் பெங்களூரில் ஆவணவியலுக்கென ஓர் ஆய்வு மையத்தையும் பயிற்சியையும் தொடங்கி வைத்தார். 1972 செப்டம்பரில் அதே ஊரில் காலமானார்.

கணினித் திரையில் கட்டுரை தேடும் இன்றைய மாணவருக்கு அவர் எந்த வகையில் உறவு என்று கேட்கலாம். என் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 1990-களில் கிள்ளான் பள்ளத்தாக்கு ஆற்று வண்டலில் ஈயத்தின் அளவைக் கண்டறிதல். இதில் ஆற்று வண்டல் ஒரு முகம், ஈயம் ஒரு முகம், அளவு கண்டறியும் செயல் ஒரு முகம், கிள்ளான் பள்ளத்தாக்கு என்ற இடம் ஒன்று, 1990-கள் என்ற காலம் ஒன்று. எந்தப் பொருளையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்தாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று ரங்கநாதன் பின்னாளில் வகுத்தார். தரவுத்தளத்தில் தேடியதும் திரையின் ஓரத்தில் ஆண்டு, துறை, ஆசிரியர், நாடு என்று கட்டங்கள் வருகின்றனவே, ஒவ்வொன்றாகத் தட்டி நாலாயிரத்தை நாற்பதாகக் குறைக்கிறோமே, அதன் அடியில் இருப்பது இந்தப் பல முகச் சிந்தனைதான். 1952-இல் இலண்டனில் கூடிய பகுப்பாய்வுக் குழுவினர் அவர் கருத்தை எடுத்து வளர்த்தார்கள். அங்கிருந்து அது கணினித் துறைக்குப் பரவியது.

கணினி, நாம் கேட்ட பிறகு கட்டுரைகளைப் படிக்கத் தொடங்குவதில்லை. எந்தச் சொல் எந்தெந்தக் கட்டுரையில் இருக்கிறது என்ற பட்டியலை முன்பே போட்டு வைத்திருக்கிறது. புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு போன்றது அது. அதற்கும் மேலாக, 1996-இல் இணையத்திற்கு வந்த பப்மெட் போன்ற மருத்துவத் தளங்களில் கட்டுரைகளுக்குப் பொருட்சொற்களும் சூட்டப்படுகின்றன. ஒருவர் மாரடைப்பு என்பார், இன்னொருவர் மருத்துவர் மட்டுமே அறிந்த பெயரைச் சொல்வார். இரண்டும் ஒரே தலைப்பின்கீழ் வந்து சேரும். மூன்றரைக் கோடிக்கும் அதிகமான பதிவுகள் அங்கே உள்ளன. பெயர் சூட்டி வைக்கும் உழைப்பு இல்லாவிட்டால் வேகம் மட்டும் என்ன செய்யும்?

ரங்கநாதனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவதும் எனக்கு விருப்பமில்லை. அவருடைய கலைச்சொற்கள் கடினமானவை. கோலன் முறையை அப்படியே பின்பற்றும் நூலகங்கள் இந்தியாவிலேயே குறைவு. இங்கு அந்த முறையில் நூல் அடுக்கிய நூலகம் எதையும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டம் பெற்ற சில மாதங்களில் என் மாணவர் கணக்கு மூடப்பட்டது. நான் வேலை செய்த சிறிய சோதனைக்கூடத்தில் எந்தத் தரவுத்தளத்திற்கும் சந்தா இல்லை. கம்போங் மேடான் வீட்டில் தங்கையின் கணினியில் தேடினேன். கட்டுரையின் பெயர் ஒரு நொடியில் வந்தது, சுருக்கமும் வந்தது. முழுக் கட்டுரைக்கு 30 அமெரிக்க டாலர் கேட்டது. அன்றைய கணக்கில் நூறு ரிங்கிட்டுக்கு மேல். அம்மாவின் இரண்டு வாரக் காய்கறிச் செலவு. 1991-இல் தொடங்கிய ஆர்க்சைவ் போன்ற இலவசத் தளங்கள் இயற்பியல், கணித மாணவர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தன. நான் வேதியியல்காரன். கடைசியில் கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன். மறுநாளே அனுப்பிவிட்டார். தம்பி தங்கைகளே, இந்த வழி இன்றும் பலன் தருகிறது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

2004-இல் என் ஆய்வேட்டின் ஒரு பகுதி, விரிவுரையாளருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையாக ஓர் இதழில் வெளிவந்தது. தரவுத்தளத்தில் என் பெயரைத் தேடினேன். இல்லை. வெகு நேரம் கழித்துத்தான் புரிந்தது. கடைசியில் வரும் பெயரே குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொண்ட அந்தத் தளம், ஏ/எல் என்பதை விழுங்கிவிட்டு, அப்பாவின் பெயரை ஆசிரியராகப் போட்டிருந்தது. என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருந்தது. ஆசிய நாட்டவரின் பெயர்களைப் பட்டியலில் எப்படிப் பதிவது என்று ரங்கநாதன் எப்போதோ விரிவாக எழுதியிருக்கிறார். அதை யார் படித்தார்கள்? அந்தப் பக்கத்தை அச்செடுத்து வீட்டிற்குக் கொண்டுபோனேன். அப்பா பழைய கிள்ளான் சாலையில் லாரி ஓட்டிக் களைத்து வந்து உட்கார்ந்திருந்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் தம் பெயரின் எழுத்துகளை அடையாளம் தெரியும். அதன்மேல் விரலை வைத்து, இது எதற்கு இங்கே என்றார். விவரத்தைச் சொன்னேன். சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி, ஆற்றில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்.