சந்தேகம் வந்தாலே ஊசி: லூயி பாஸ்டர் வாழ்க்கை சொல்லும் பாடம்

அதிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிறீர்கள். வரப்போரப் புதரிலிருந்து நரியோ கீரிப்பிள்ளையோ பாய்ந்து, காலைக் கடித்துவிட்டு ஓடி மறைகிறது. காயம் சிறியதுதான். கடித்த விலங்குக்கு வெறி இருந்ததா, இல்லையா என்பதும் தெரியாது. மருத்துவமனைக்குப் போனால் அன்றைய வேலை கெடும். போவதா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கு முன், வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டுபிடித்த லூயி பாஸ்டரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாஸ்டர் 1822 டிசம்பர் 27 அன்று பிரான்ஸ் நாட்டின் டோல் நகரில் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. குடும்பம் பின்னர் ஆர்புவா என்ற சிற்றூரில் குடியேறியது. 1831இல், பாஸ்டருக்கு 8 வயதாக இருந்தபோது, வெறி பிடித்த ஓநாய் ஒன்று அந்தப் பகுதியில் புகுந்து பலரைக் கடித்தது. அன்றைக்கு இருந்த ஒரே வைத்தியம், கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுடுவதுதான். அப்படியும் பலர் இறந்தார்கள்.

பாஸ்டர் மருத்துவம் படித்தவர் அல்ல; வேதியியல் அறிஞர். அவருடைய ஆய்வுகளில் பல உழவர்களின் தொல்லைகளிலிருந்து பிறந்தவை. 1865 முதல் பட்டுப்புழுக்களை அழித்த பெப்ரைன் நோயை ஆராய்ந்தார். தாய் அந்துப்பூச்சியை நுண்ணோக்கியில் சோதித்து, நோயுள்ள பூச்சி இட்ட முட்டைகளை ஒதுக்கும் முறையை வகுத்தார். பட்டு முட்டை உற்பத்தி மையங்களில் இன்றும் இதே சோதனைதான் நடக்கிறது. இந்த ஆய்வின் நடுவே, 1868இல் பக்கவாதம் தாக்கி அவருடைய இடது பக்கம் பாதிக்கப்பட்டது. அதன் பிறகும் ஓயவில்லை. கோழி காலராவுக்குத் தடுப்பு முறை கண்டார். 1881இல் பூய்லி லெ ஃபோர் என்ற ஊரின் பண்ணையில், அடைப்பான் நோய்க்கான தடுப்பூசியை ஊரார் முன்னிலையில் சோதித்தார். ஊசி போட்ட 24 ஆடுகளும் பிழைத்தன. போடாத ஆடுகள் மடிந்தன.

அடுத்து அவர் எடுத்துக்கொண்டது வெறிநோய். அதன் கிருமி நுண்ணோக்கியில் தென்படவில்லை. ஆனாலும் அது நரம்பு மண்டலத்தில் தங்குகிறது என்பதை அவரும் உதவியாளர் எமில் ரூவும் கண்டறிந்தனர். வெறிநோயில் இறந்த முயலின் தண்டுவடத்தை உலர்ந்த காற்றில் தொங்கவிட்டால், நாளுக்கு நாள் கிருமியின் வீரியம் குறைந்தது. அதையே தடுப்பூசியாக்கி நாய்களில் சோதித்தனர்.

1885 ஜூலை 6 அன்று ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனைத் தாய் பாரிஸுக்கு அழைத்து வந்தார். இரண்டு நாள் முன்பு ஒரு நாய் அவனைப் பல இடங்களில் கடித்திருந்தது. கொல்லப்பட்ட அந்த நாயின் வயிற்றில் வைக்கோலும் மரத்துண்டுகளும் இருந்தன. நாய்க்கு வெறி என்று சொல்ல அன்று கையில் இருந்த ஆதாரம் அவ்வளவுதான். அறிகுறி வரட்டும் என்று காத்திருந்தால் எந்த மருந்தாலும் பயனில்லை என்பது பாஸ்டருக்குத் தெரியும். மனிதருக்குப் போட்டுச் சரிபார்க்காத ஊசி என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. இரண்டு மருத்துவர்களிடம் கலந்துகொண்டு, அன்று மாலையே முதல் ஊசியைப் போடச் செய்தார். மொத்தம் 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான்.

அந்த அக்டோபரில், மற்றச் சிறுவர்களைக் காக்க வெறிநாயோடு போராடிக் கடிபட்ட ஜூபில் என்ற ஆடு மேய்க்கும் சிறுவன் வந்தான். கடிபட்டு ஆறு நாள் ஆகியிருந்தது. அவனும் பிழைத்தான்.

நவம்பரில் லூயிஸ் பெல்லெத்தியே என்ற 10 வயதுச் சிறுமி வந்தாள். தலையில் கடி, கடிபட்டு 37 நாள் கழிந்திருந்தது. காலம் கடந்துவிட்டது என்று தெரிந்தும் பாஸ்டர் மறுக்கவில்லை. சிறுமி டிசம்பர் 3 அன்று இறந்தாள்.

1886 மார்ச்சில் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் பகுதியிலிருந்து, வெறி பிடித்த ஓநாய் கடித்த 19 பேர் வந்தார்கள். வழியிலேயே பல நாட்கள் கழிந்திருந்தன. 16 பேர் பிழைத்தார்கள். மூவரைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்தக் கணக்கிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். காயத்தில் புகுந்த கிருமி நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் இதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். தலையிலும் முகத்திலும் கடித்தால் வழி குறுகியது. கிருமி மூளையைத் தொடும் முன் தடுப்பூசி வேலை செய்துவிட வேண்டும். அறிகுறி தோன்றிய பிறகு உயிர் பிழைப்பது மிக மிக அரிது.

எனவே கடித்த விலங்கைப் பற்றித் தெரியாவிட்டால், வெறி உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நரி, கீரி, குரங்கு, காட்டுப்பூனை என எது கடித்தாலும், பிராண்டினாலும் இதே விதிதான். நாயையும் பூனையையும் பத்து நாள் கவனிக்கலாம் என்பது உண்மை. ஆனால் ஊசியை முதல் நாளே தொடங்கிவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். காட்டு விலங்குக்கு அந்தப் பத்து நாள் கணக்கு பொருந்தாது.

கறவை மாடு வைத்திருப்போருக்கு இன்னொரு எச்சரிக்கை. மாடு தீவனம் எடுக்காமல், எச்சில் ஒழுக, ஓயாமல் கத்தினால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். கையில் சிறு கீறல் இருந்தாலும் எச்சில் வழியே கிருமி ஏறும். கால்நடை மருத்துவரை அழையுங்கள். ஏற்கெனவே கையை விட்டிருந்தால் நீங்களும் மருத்துவரைப் பாருங்கள்.

கடிபட்டதும் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, எண்ணெய் எதையும் வைக்காதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். அங்கு தடுப்பூசி இலவசம். ரத்தம் கசிந்த காயமானால், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை, அதையும் கேளுங்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28 ஆம் நாட்கள் என நான்கு முறை ஊசி. காயம் ஆறிவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இனி வேண்டாம். அந்தப் பழைய மருந்து இப்போது கிடையாது. இன்றைய ஊசி கையில்தான்.

நாள் தவறிவிட்டதே என்று தயங்குபவர்களும் போகலாம். அறிகுறி வராதவரை ஊசி போடுவதில் பயன் உண்டு.

பாஸ்டர் 1895 செப்டம்பர் 28 அன்று தம் 72ஆம் வயதில் மறைந்தார். தென்னிந்தியாவுக்கென 1907இல் குன்னூரில் தொடங்கிய வெறிநாய்க்கடி சிகிச்சை நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதற்கு முன், வசதி உள்ள சிலர் இந்தியாவிலிருந்து பாரிஸ் வரை கப்பலேறிப் போனார்கள். உங்களுக்கு அடுத்த ஊர் வரை போனால் போதும். அவர் மறைந்த நாளே உலக வெறிநோய் தினம். உங்கள் பண்ணை நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட அந்த நாளையே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.