புரூஸ் லீ கையுறை அணிந்தது ஏன்?

முய் தாய் வகுப்பில் சேர்ந்தாச்சு. முதல் வாரம் மூச்சு வாங்கியே முடிஞ்சுபோச்சு. அடுத்த வாரத்திலிருந்து சொந்தக் கையுறை வேண்டும் என்கிறார் பயிற்றுநர்.

கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது. 8 அவுன்ஸ், 10, 12, 14, 16... விரல் மூடியது, விரல் திறந்தது, கயிறு கட்டுவது, ஒட்டுப்பட்டை போட்டது. எதைத்தான் எடுப்பது?

பதில் தேடும் முன்னர் ஒருவரின் கதையைப் பார்க்கலாம். சுவரொட்டிகளில் அவரை வெறுங்கையோடுதான் பார்த்திருப்பீர்கள். ஆனால் கையுறை எதற்கு என்பதை அவர் அளவுக்கு யோசித்தவர்கள் அந்தக் காலத்தில் குறைவு.

அவர்தான் புரூஸ் லீ.

முதல் பாடம்: பள்ளிக்கூட மேடை

1940ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் தேதி அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தார். அப்பா கேண்டனீஸ் இசை நாடக நடிகர். நாடகக் குழுவோடு அங்கே போயிருந்த நேரத்தில் மகன் பிறந்தான். குடும்பம் சீக்கிரமே ஹாங்காங் திரும்பியது.

சிறுவயதிலேயே புரூஸ் திரைப்படங்களில் நடித்தார். கூடவே தெருச் சண்டையும் போட்டார். வீட்டில் கவலை. பதின்ம வயதில் இப் மேனிடம் விங் சுன் கற்கச் சேர்ந்தார். நெருங்கி நின்று, எதிராளியின் கையை மடக்கி, நேர்க்கோட்டில் வேகமாகக் குத்தும் கலை அது. விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். அதனால் வெறுங்கை.

1958இல் பள்ளிகளுக்கு இடையிலான குத்துச்சண்டைப் போட்டியில் அவர் இறங்கினார். அங்கே பஞ்சு நிரப்பிய கனத்த கையுறை கட்டாயம். எதிராளியின் கையைப் பிடிக்க முடியாது. மடக்க முடியாது. குத்து மட்டும்தான். அவர் பழகிய பாதி வித்தை கையுறைக்குள்ளேயே அடங்கிப்போனது. இருந்தும் இறுதிச் சுற்றில் நடப்பு வெற்றியாளரைத் தோற்கடித்தார். அதே ஆண்டு ஹாங்காங்கின் சா-சா நடனப் போட்டியிலும் வென்றார். கால் அசைவு எங்கிருந்து வந்ததுன்னு இப்போ புரியுதா?

கையில் என்ன மாட்டுகிறோமோ அதற்கேற்ப சண்டையின் இயல்பே மாறிவிடும். அந்த மேடை காட்டிய பாடம் இது.

மூச்சு வாங்கிய நாள்

தெருச் சண்டைகள் காவல்துறைவரை போயின. 1959இல் பெற்றோர் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தனர். கையில் கொஞ்சம் பணம்தான். சியாட்டலில் ஓர் உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வகுப்பு நேரம் போக மற்றவர்களுக்குக் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார். சீனர் அல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டார்.

1964இல் ஓக்லந்துக்கு மாறினார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் வோங் ஜாக் மேன் என்ற குங்ஃபூ கலைஞரோடு ஒரு தனிச் சண்டை. யார் எப்படி வென்றார் என்பதை இரு தரப்பும் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். ஆனால் அந்தச் சண்டையில் புரூஸ் லீக்குத் தன்மீதே திருப்தி இல்லை. நினைத்ததைவிட நேரம் பிடித்தது. மூச்சு வாங்கியது. கற்ற கலை அந்த நேரத்தில் முழுமையாகக் கைகொடுக்கவில்லை.

வேறு யாராவது இருந்தால் ஜெயிச்சாச்சுன்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க. அவர் தன் பயிற்சியையே அவிழ்த்துப் பார்த்தார்.

அடிக்காமல் அடி கற்க முடியுமா?

அன்றைய அமெரிக்கக் கராத்தே போட்டிகளில் பெரும்பாலும் குத்து உடம்பில் படும் முன்னர் நிறுத்திவிடுவார்கள். பட்டிருக்கும் என்று நடுவர் நினைத்தால் புள்ளி. கலையழகு இருக்கும், ஆபத்து குறைவு. புரூஸ் லீக்கு அது தரையில் படுத்து நீச்சல் பழகுவதைப் போலத் தோன்றியது. நிஜமாக அடி விழும்போது உடம்பு என்ன செய்யும் என்று அந்தப் பயிற்சி சொல்லித் தராது.

வெறுங்கையால் முழு வேகத்தில் அடித்தால்? ஒரே நாளில் இருவருக்கும் காயம். மறுநாள் பயிற்சி கிடையாது.

இந்தச் சிக்கலுக்கு அவர் கண்ட வழிதான் பாதுகாப்புச் சாதனம். முகமது அலி போன்ற குத்துச்சண்டை வீரர்களின் படச்சுருள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். தலைக்கவசம், மார்புக் கவசம், கையுறை எல்லாவற்றையும் மாணவர்களுக்கு மாட்டிவிட்டார். பிறகு நிஜமாகவே மோதச் சொன்னார்.

1967இல் லாங் பீச் கராத்தே போட்டியில் மக்கள் முன்னிலையில் இதைச் செய்துகாட்டினார். கவசங்களோடு அவரும் மாணவரும் முழு வேகத்தில் மோதும் அந்தக் காட்சி பதிவாகியிருக்கிறது. இன்று எந்தப் பயிற்சிக்கூடத்துக்குப் போனாலும் காணக்கூடிய காட்சிதான். அந்தக் காலத்துக் கராத்தே மேடையில் அது புதுசு. அதே ஆண்டு தம் முறைக்கு ஜீத் குன் டோ என்று பெயரிட்டார்.

அவருடைய நண்பர் ஜூன் ரீ, அமெரிக்காவில் டேக்வாண்டோவைப் பரப்பியவர். இருவரும் உதையையும் குத்தையும் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். பின்னர் 1970களில் நுரைப்பஞ்சால் ஆன கை, கால் கவசங்களை ஜூன் ரீ அறிமுகப்படுத்தினார். இன்று டேக்வாண்டோ, கராத்தே வகுப்புகளில் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் மெத்தென்ற கவசங்களின் வரலாற்றில் அவருக்கு முக்கிய இடம் உண்டு.

விரல் திறந்த கையுறை

1970இல் பளு தூக்கும் பயிற்சியின்போது புரூஸ் லீயின் முதுகில் கடும் காயம். மாதக்கணக்கில் படுக்கை. இனி உதைக்கவே முடியாமல் போகலாம் என்று மருத்துவர்கள் எச்சரித்தனர். படுத்தபடியே குறிப்பேடுகளை நிரப்பினார். பிறகு எழுந்தார். 1971இல் தாய்லாந்தில் எடுத்த படத்தின் மூலம் ஆசியா முழுதும் நட்சத்திரமானார்.

அவர் முழுமையாக நடித்து முடித்த கடைசிப் படம் எண்டர் தி டிராகன். அதன் தொடக்கக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். சாமோ ஹங்கோடு மோதுகிறார். இருவர் கையிலும் மெல்லிய கையுறை. குத்துச்சண்டைக் கையுறை இல்லை; விரல்கள் வெளியே தெரிகின்றன. குத்தவும் முடியும், பிடிக்கவும் முடியும். எதிராளி தரையில் கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வதோடு சண்டை முடிகிறது.

பள்ளி மேடையில் அடைபட்ட விரல்கள் 15 ஆண்டுகள் கழித்து வெளியே வந்தன!

படம் வெளியானதை அவர் பார்க்கவில்லை. 1973ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி ஹாங்காங்கில் மூளை வீக்கத்தால் இறந்தார். வயது 32. அடுத்த மாதம் படம் அமெரிக்காவில் திரையேறியது. அவரது உடல் சியாட்டலில் அடக்கம் செய்யப்பட்டது.

விரல் திறந்த கையுறையை அவர் ஒருவரே உருவாக்கினார் என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானில் 1980களில் தொடங்கிய ஷூட்டோ போட்டிகளும் அதை வளர்த்தன. 1993இல் நடந்த முதல் யுஎஃப்சி போட்டியில் பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் மோதினார்கள். 1997இல் அங்கே கையுறை கட்டாயமானது. ஆனால் அதற்கெல்லாம் முன்பே அப்படியொரு கையுறையை உலகமே பார்க்கத் திரையில் காட்டியவர் புரூஸ் லீ.

சரி, நமக்கு எது?

அவர் வாழ்க்கையிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கையுறையை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்?

- மணல்மூட்டையில் குத்திப் பழகவா? 10 அல்லது 12 அவுன்ஸ் பலருக்கும் போதும்.

- இன்னொருவரோடு ஸ்பாரிங் செய்யவா? பொதுவாக 14 அல்லது 16 அவுன்ஸ். உடல் எடை கூடினால் கையுறையும் கூட வேண்டும். பல பயிற்சிக்கூடங்கள் 16 அவுன்ஸைத்தான் கேட்கும். அதாவது ஒரு கையில் கிட்டத்தட்ட 450 கிராம்.

- பிடியும் மல்லும் கலந்த சண்டையா? விரல் திறந்த கையுறை. ஆனால் போட்டிக்கான 4 அவுன்ஸ் மெல்லிய கையுறையை வாங்கிட்டு வந்து நண்பரை அடிச்சிடாதீங்க. பயிற்சிக்கென்று தடித்த பஞ்சு வைத்த 7 அவுன்ஸ் கையுறை தனியாக உண்டு.

- மூட்டைக்கு ஒன்று, ஸ்பாரிங்கிற்கு ஒன்று என இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. மூட்டையில் குத்திக் குத்திப் பஞ்சு அமுங்கிப்போகும். அதைப் போட்டுக்கொண்டு நண்பரின் முகத்தில் குத்தினால் அவருக்குத்தான் வலி.

- உள்ளே கைப்பட்டை கட்டாமல் கையுறை மாட்டாதீர்கள். கட்டிக்கொண்டே கடையில் போட்டுப் பாருங்கள். முட்டி இறுக மடங்க வேண்டும். மணிக்கட்டு ஆடக்கூடாது. சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு தவறான குத்தில் எளிதில் முறியக்கூடியது.

- நம் ஊர் வெக்கையில் வியர்வை ஊறிய கையுறையைப் பைக்குள்ளேயே விட்டால் நாற்றமும் கிருமியும்தான் மிஞ்சும். திறந்துவைத்துக் காயவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கையுறை முதலில் காப்பாற்றுவது அடிப்பவரின் கையை. எதிரில் இருப்பவரின் தோல் கிழியாமலும் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் தலையில் அடி விழுந்தால் மண்டைக்குள் மூளை குலுங்குவதைப் பஞ்சால் முழுமையாகத் தடுக்க முடியாது. கை வலிக்கவில்லை என்பதற்காகக் கூடுதலாக அடிப்பதும் உண்டு. தலைவலி, மயக்கம், குழப்பம் இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

புரூஸ் லீ கையுறை மாட்டியது எதிராளியை இன்னும் பலமாக அடிக்க அல்ல. நிஜமாக மோதிய பிறகும் இருவரும் மறுநாள் பயிற்சிக்கு வர வேண்டும் என்பதற்காக. கடையில் கையுறையைக் கையில் எடுக்கும்போது அதை நினைச்சுப் பாருங்க.