ஒளியை வரைந்த ஓவியர் குயிந்ஜி

உக்ரைன் நாட்டின் தென்பகுதியில், அசோவ் கடலை ஒட்டிய மரியுபோல் நகரில், 1840களின் தொடக்கத்தில் ஏழைச் செருப்புத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஆர்கிப் குயிந்ஜி. கிரேக்க வழி வந்த குடும்பம் அது. இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர், வாத்து மேய்த்தும் தானிய வணிகரிடம் ஏவல் செய்தும் வளர்ந்தார். கைக்குக் கிடைத்த பரப்பிலெல்லாம் படம் வரைவது மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை.

1855இல், கடலோவியத்தால் புகழ்பெற்ற ஐவசோவ்ஸ்கியிடம் பயில விரும்பிக் கிரிமியாவுக்கு நடந்தே சென்றார். அங்கே அவருக்கு வாய்த்தவை வண்ணம் அரைக்கும் பணியும் வேலிக்குச் சாயம் பூசும் பணியுமே என்பர். பின்னர்ப் புகைப்பட நிலையங்களில் படங்களைத் திருத்தும் தொழில் செய்து வயிறு வளர்த்தார். பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்விலும் தோல்வியே கண்டார். ஆசான் தராத கல்வியைப் புல்வெளியும் நிலவும் அவருக்குத் தந்தன எனலாம்.

அக்கல்வியின் கனி 1879இல் தீட்டப்பெற்ற 'பிர்ச் மரச்சோலை' என்னும் எண்ணெய் வண்ண ஓவியம். மாஸ்கோவின் திரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் அது உள்ளது. முன்புறத்தில் அடர்ந்த நிழல். அதற்கப்பால் வெயில் குளித்த பசும்புல். இடையே அசைவற்ற சிறு நீரோடை. வெண்ணிற அடிமரங்கள் நிற்கின்றன. அவற்றின் உச்சிகளோ சட்டத்துக்கு வெளியே மறைந்துவிடுகின்றன. இலைகளை ஒவ்வொன்றாக எண்ணி வரைய அவர் முயலவில்லை. நிழலை ஆழமாக்கியதால் ஒளி தானே எழுந்தது. விடுத்தலால் விளங்கச்செய்யும் இந்நுட்பம் கவிஞர்க்குப் புதிதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொள்ளும் மரபினர் இவ்வோவியத்தில் பொழுதே தலைமை பெறுவதை எளிதில் உணர்வர்.

அதே ஆண்டில், அவர் சார்ந்திருந்த 'பயணக் கண்காட்சி' ஓவியர் சங்கத்தின் உறுப்பினர் ஒருவரே பெயர் மறைத்து அவரைத் தாக்கி எழுதினார். குயிந்ஜி சங்கத்திலிருந்து விலகினார். 1880இல் 'தினீப்பர் ஆற்றில் நிலவொளி இரவு' என்னும் ஒரே ஓவியத்தை இருட்டாக்கிய அறையில் தனியே காட்சிக்கு வைத்தார். மக்கள் திரண்டனர். திரைக்குப் பின்னே விளக்கு ஒளிந்திருக்கிறதோ எனச் சிலர் ஐயுற்றுத் தேடினர். ஆயினும் அந்நிலவுக்கு உயிரளித்த வண்ணக் கலவை காலப்போக்கில் கருத்தது.

புகழின் உச்சியில், 1882க்குப் பின், அவர் கண்காட்சிகளை விட்டு ஒதுங்கினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்த அம்மௌனத்திலும் வரைவதை நிறுத்தவில்லை. காட்டுவதை மட்டுமே நிறுத்தினார். இடையில், தம்மை ஏற்க மறுத்த கலைக்கழகத்திலேயே பேராசிரியரானார். பின்னாளில் இமயத்தை வரைந்து குலுப் பள்ளத்தாக்கில் வாழ்ந்து மறைந்த நிக்கலாய் ரோரிச் அவருடைய மாணவர். 1897இல் மாணவர் கிளர்ச்சிக்குத் துணைநின்றமையால் அப்பதவியை இழந்தார். பதவி போயினும் மாணவரைக் கைவிடாது, அடுத்த ஆண்டே தம் செலவில் அவர்களை ஐரோப்பிய நாடுகளுக்கு அழைத்துச் சென்றார்.

எளிய வாழ்வு வாழ்ந்த அவர், 1904இல் 1,00,000 ரூபிளை இளம் ஓவியர் பரிசுகளுக்கென அதே கலைக்கழகத்துக்கு வழங்கினார். வீட்டுக் கூரையில் பறவைகளுக்கு இரையிட்டு, நோயுற்றவற்றுக்கு மருந்தும் இட்டார். 1910இல் மறைந்தபோது தம் செல்வத்தையும் ஓவியங்களையும் ஓவியர் சங்கத்துக்கே விட்டுச்சென்றார்.

2022 மார்ச்சில், போரின்போது, மரியுபோலில் அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகம் குண்டுவீச்சில் அழிந்தது. பிறந்த ஊரில் அவர் நினைவைக் காத்த கூரை வீழ்ந்தது. நிழலின் நடுவே அவர் நிறுத்திய வெயில் மட்டும் சோலையில் இன்னும் சாயவில்லை.